வேப்பங்கொத்து கட்டின திட்டு

முன்னொரு காலத்துல, கடலும் ஊரும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டே கெடந்த ஒரு பட்டணத்துல, பூரணம்னு ஒருத்தி இருந்தா. ஏய், காலை மடக்கு, நான் கதை சொல்றப்ப எவனாவது கால் நீட்டினா எனக்குக் கதை மறந்துபோகும். பூரணம் இருந்தாளா, அவ புருஷன் பேரு மலைக்கொழுந்து. பேருதான் மலை, பிழைப்பெல்லாம் கடலு. பாய்மரக் கப்பல்ல மிளகை ஏத்திக்கிட்டு, சூரியன் முங்குற திசையில எங்கயோ இருக்கிற சீமைக்குப் போவான், அங்கேருந்து பட்டும் பேரீச்சம்பழமும் ஏத்திக்கிட்டு வருவான், வந்து நாலு நாள் வீட்டுல இருப்பான், அப்புறம் மறுபடியும் போயிருவான்.

அவன் கடைசியாக் கப்பல் ஏறினப்ப பூரணம் மாசமா இருந்தா. கரையில நின்னு ஒரே அழுகை. "அழாத பூரணம், பிள்ளை பொறக்குறதுக்குள்ள வந்துருவேன்"னான். "பொய் சொல்லாதீங்க"ன்னா. "சரி, பிள்ளை தவழுறதுக்குள்ள வந்துருவேன்"னான். "அதுவும் பொய்"யின்னா. "சரி, பிள்ளை மொத மொதல்ல அப்பான்னு கூப்பிடுறதுக்கு நான் இங்க இருப்பேன், அது நிஜம்"னான். அப்புறம் என்ன செஞ்சான், அவளோட செவப்புக் கண்டாங்கிச் சேலையில பாதியைக் கிழிச்சுத் தலைப்பாவாக் கட்டிக்கிட்டான். பொண்டாட்டி சேலைத் துணியைத் தலையில கட்டிட்டுக் கடலுக்குப் போறவன் முழுசாத் திரும்பி வருவான்னு அந்தக் கரையில ஒரு நம்பிக்கை. மிச்சப் பாதியை அவ பெட்டியில வச்சுக்கிட்டா.

பிள்ளை பொறந்துச்சு, பொண்ணு, ஆவுடைன்னு பேரு வச்சா, அவன் வரல. பிள்ளை தவழ்ந்துச்சு, அவன் வரல. பிள்ளை நடந்து, ஓடி, பேசவும் ஆரம்பிச்சுருச்சு, காக்காயைக் கூப்பிடும், ஆட்டுக்குட்டியைக் கூப்பிடும், தெருவுல போறவன் வாறவனையெல்லாம் கூப்பிடும், அப்பான்னு மட்டும் சொன்னதில்ல. சொல்றதுக்கு ஆளு வேணும்ல? பூரணம் மீனு கழுவுனாலும், நெல்லு குத்துனாலும், பிள்ளைக்குத் தலை வாருனாலும், கை இங்க வேலை செய்யும், முகம் கடல் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு பாய்மரம் தெரிஞ்சாப் போதும், அடுப்புல சோறு பொங்கி வழியுறதுகூடத் தெரியாம ஓடுவா, அது வேற கப்பலா இருக்கும், திரும்பி வருவா. அப்படியொரு ஏக்கம் அவளுக்கு.

இப்படி இருக்கையில அந்தத் தூர சீமையில கொள்ளைநோய் வந்துருச்சுன்னு சேதி வந்துச்சு. சாதாரண நோய் இல்ல. மொதல்ல எலி செத்து விழும், அப்புறம் மனுஷனுக்கு அக்குள்ளயும் தொடையிடுக்குலயும் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும், பேசிக்கிட்டு இருக்கிறப்பவே ஆளு போயிருவான். அங்க தெருத்தெருவாக் கதவைச் சாத்தினாகளாம், திறக்கிறதுக்கு உள்ள ஆளில்லையாம்.

பட்டணத்து ராஜாவுக்கு அப்பத்தான் மீசை முளைச்ச வயசு. அவரு உத்தரவு போட்டாரு. "அந்தச் சீமைக் கப்பல் எதுவும் நம்ம துறைக்கு வரக் கூடாது. எதுத்தாப்ல இருக்கிற மணல் திட்டுலதான் நிக்கணும். கப்பல்ல வந்தவுக அங்கேயே ஒரு மண்டலம் தங்கணும், சரக்கைப் பிரிச்சு வெயில்ல காயப் போடணும், அதுவரைக்கும் வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது." ஒரு மண்டலம்னா, சாமிக்கு விரதம் இருக்காகளே, அந்தக் கணக்கு.

மொதல்ல தண்டோராப் போட்டாரு. எவனும் கேக்கல, படகைத் தள்ளிக்கிட்டுப் போய்க் கப்பல்காரனோட பேசிச் சிரிச்சிட்டு வந்தான். அப்புறம் கரையில சேவகனை நிறுத்தினாரு. சேவகனோட மச்சான் கப்பல்ல வந்திருந்தான், மொத ஆளா அவனே போய்ப் பாத்துட்டு வந்தான். ராஜாவுக்குத் தூக்கம் போச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தாரு, சின்னப் பிள்ளையில தனக்கு அம்மை போட்டது ஞாபகம் வந்துச்சு. அரண்மனை வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தாக. அவரோட அப்பா, பெரிய ராஜா, நாடே பாத்து நடுங்குற மனுஷன், அந்த வேப்பிலையைத் தாண்டலையாம். வாசல்லயே நின்னுக்கிட்டு, "ஐயா, தண்ணி குடிச்சியா? ஐயா, தூங்குனியா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். ராஜா சொன்னாக் கேக்காத ஊரு வேப்பிலை சொன்னாக் கேக்கும்னு அவருக்குப் பட்டுச்சு. உடனே திட்டுல ஒசரமா ஒரு கம்பம் நட்டு, கொத்துக் கொத்தா வேப்பிலை கட்டச் சொல்லிட்டாரு.

அவ்வளவுதான், ஊரு கப்சிப்புன்னு அடங்கிருச்சு. வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள யாரு போவா? உள்ள இருக்கிறவுக வெளிய வரமாட்டாக, வெளிய இருக்கிறவுக உள்ள போகமாட்டாக. உள்ள போன சட்டிபானை திரும்பி வராது. அந்த வீட்டு அடுப்புல கடுகு தாளிக்க மாட்டாக, எண்ணெய்ச் சட்டி ஏத்த மாட்டாக. தலைக்குத் தண்ணி ஊத்தி, வேப்பிலையை இறக்குனாத்தான் எல்லாம். போன வருஷம் உனக்கு அம்மை போட்டப்ப அப்பளம் பொரிச்சுத் தரலன்னு என்னைக் கடிச்சு வச்சியே, அதே வழக்கம்தான்.

அப்புறம் ஒருநாள் விடியக்காலையில ஒரு கப்பல் வந்து திட்டுல நின்னுச்சு. திட்டு ரொம்பத் தூரமும் இல்ல, கிட்டவும் இல்ல. ஆளு நடக்குறது தெரியும், முகம் தெரியாது. தொண்டை கிழியக் கத்துனாலும் காத்து தூக்கிட்டுப் போயிரும். பூரணம் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்தா. வேப்பங்கம்பத்துல, கொத்துக்குக் கீழ, செவப்பா ஒண்ணு ஆடுது. அவ சேலைத் துணி!

"வந்துட்டாக! ஆவுடை, அப்பா வந்துட்டாகடி!"ன்னு பிள்ளையைத் தூக்கிச் சுத்துனா. ஓடிப்போய்ப் பெட்டியிலேருந்து மிச்சப் பாதியை எடுத்து, ஒரு மூங்கில்ல கட்டி வீட்டு முன்னாடி நட்டா. திட்டுல அந்தச் செவப்பு கீழ இறங்குச்சு, மறுபடி மேல ஏறுச்சு. பாத்துட்டான்! அன்னையிலேருந்து விடிஞ்சதும் அங்க துணி ஏறும், இங்க துணி ஏறும். நல்லா இருக்கேன்னு அவன் சொல்றான், நானும் நல்லா இருக்கேன்னு இவ சொல்றா. பாக்கலாம், தொட முடியாது. சோத்தைப் பாத்துக்கிட்டே பட்டினி கெடக்கிற மாதிரி. கப்பல் வராம இருந்தப்பகூட இவ்வளவு துடிக்கல அவ.

இப்ப ஒரு கெட்ட மனுஷன் வரணும்ல கதைக்கு? வாறாரு. பண்டகசாலை பரஞ்சோதி முதலாளின்னு ஒருத்தரு. கப்பல்ல வந்த பட்டு மூட்டையெல்லாம் அவரோடது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா நெருங்கிருச்சு, கொடைக்குத்தான் ஊரே பட்டு வாங்கும், கொடை முடிஞ்சா எவன் சீண்டுவான்? மண்டலம் முடியவோ கொடையைத் தாண்டிப் போகும். பூரணத்துக்கிட்ட அவ அப்பன் விட்டுட்டுப்போன சின்ன வள்ளம் ஒண்ணு இருந்துச்சு, அவளுக்கு நல்லாத் துடுப்புப் போடவும் தெரியும். திட்டுக்குத் தெனமும் சோறு கொண்டுபோற படகு மேல ராஜா கண்ணு இருக்குங்கிறதால, முதலாளி இவ வள்ளத்தை மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்தாரு.

"ஏம்மா பூரணம், புருஷனைப் பாக்கணும்னு ஆசை இல்லையா உனக்கு? விடியுறதுக்கு முந்தி வள்ளத்தை எடுத்துட்டுப் போ, யாரு பாக்கப்போறா? வரும்போது ஒரே ஒரு மூட்டை, சின்ன மூட்டைதான், தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துரு"ன்னாரு. "வேப்பிலை கட்டியிருக்கு முதலாளி"ன்னுட்டு அவ உள்ள போயிட்டா.

ரெண்டாவது தடவை வந்தாரு. "கொடைக்கு உன் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை தச்சுத் தாறேன். பாவம், பிள்ளை கிழிசலோட நிக்குது"ன்னாரு. "வேப்பிலை கட்டியிருக்கு முதலாளி"ன்னு கதவைச் சாத்துனா.

மூணாவது தடவை அவரு உடனே வரல. அதுக்கு முந்தி என்னாச்சு, ஒருநாள் விடிஞ்சுச்சு, பூரணம் துணியை ஏத்துனா, திட்டுல செவப்பைக் காணும். வெயில் ஏறுச்சு, காணும். நடுமத்தியானம் ஆச்சு, காணும். வேப்பங்கொத்து மட்டும் ஆடிக்கிட்டு நிக்குது. அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பத்தான் முதலாளி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாரு. "சோத்துப் படகுக்காரன் சொன்னான் தாயி. உன் புருஷனுக்கு நெறி கட்டிருச்சாம். உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்கானாம். ராத்திரி தாங்காது. போய் முகத்தையாவது பாரு. அப்படியே அந்த மூட்டை…" அவரு சொல்லி முடிக்கல, "எடுத்துட்டு வாறேன், எடுத்துட்டு வாறேன்"னு கத்திக்கிட்டே பிள்ளையைத் தூக்கி வள்ளத்துல போட்டா. வேப்பிலையாவது ஒண்ணாவது. என்னடி முறைக்கிற, உனக்கு ஒருத்தன் வந்து அப்படிச் சொன்னா நீ மட்டும் வேப்பிலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?

துடுப்புப் போட்டா, போட்டா, கை தோலு உரியப் போட்டா. திட்டு கிட்ட வந்துச்சு. சோறு வைக்கிற பாறை ஒண்ணு உண்டு, சோத்துப் படகு அந்தப் பாறையில பானையை வச்சுட்டுத் திரும்பிரும், திட்டுல இருக்கிறவுக அப்புறமா வந்து எடுத்துக்குவாக. அந்தப் பாறையில ஒரு ஆளு எந்திரிச்சு நின்னான்.

"யாரது? கிட்ட வராத! வேப்பிலை கண்ணுக்குத் தெரியலையா?"

"நான்தாங்க. பூரணம்."

மலைக்கொழுந்துதான்! தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குது, உடம்பு கறுத்து எலும்பாக் கெடக்கு, ஆனா நிக்கிறான், நல்லா நிக்கிறான்.

"உங்களுக்கு நெறி கட்டிருச்சுன்னு…"

"எவன் சொன்னான்? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்."

"அப்ப துணி எங்க? செவப்புத் துணி எங்க?"

"விடியுறதுக்கு முந்தியே சோத்துப் படகுக்காரன் திட்டுல ஏறி உருவிக் கடல்ல போட்டுட்டுப் போயிட்டான் பூரணம். ஏன்டான்னு கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல. நீ என்ன நினைச்சுப் பதறுவியோன்னு நான் காலையிலேருந்து இந்தப் பாறையிலயே உக்காந்திருக்கேன்."

முதலாளி சொல்லித்தான் அவன் உருவியிருக்கான்னு அவளுக்கு விளங்கிருச்சு. விளங்கி என்ன செய்ய, வந்தாச்சு. அவன் கண்ணு பிள்ளை மேல போச்சு. "இது யாரு?"ன்னான். தெரியாமலா கேட்டான், கேக்கணும்னு கேட்டான்.

"உங்க பொண்ணு. ஆவுடை."

"எங்க அம்மா பேரா வச்ச?"ன்னு கேட்டவன் பாறையில அப்படியே உக்காந்துட்டான்.

"அம்மா, இவரு ஏன் அழுறாரு?"ன்னு கேட்டுச்சு பிள்ளை. "பசிக்கும்போல"ன்னு அதுவே பதிலும் சொல்லிக்கிட்டு, தன் கையில சப்பிக்கிட்டு இருந்த கருப்பட்டித் துண்டை அவனைப் பாத்து எறிஞ்சுச்சு. அவன் லபக்குன்னு பிடிச்சான். வாயில போடல, மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டான்.

வள்ளம் பாறைப் பக்கமா நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அலை தள்ளிருச்சுன்னு அவ பின்னால சொன்னா. எனக்கென்னவோ அவ துடுப்புப் போடாமச் சும்மா இருந்தான்னுதான் தோணுது. "பூரணம், நில்லு, போதும், நில்லு"ன்னு அவன் சொல்லச் சொல்ல வள்ளம் கிட்ட வருது. கடைசியில அவ கையில இருந்த துடுப்போட அந்த நுனியைப் பிடிச்சுட்டான், வள்ளத்தைத் தள்ளிவிடணும்னுதான் பிடிச்சான். பிடிச்சவன் தள்ளல. ஒரு முனையில அவ கை, மறு முனையில அவன் கை, நடுவுல ஒரு கட்டை. இத்தனை வருஷத்துல அவ்வளவு கிட்ட அவுக வந்ததே இல்ல. முதலாளி மூட்டை கேட்டதை அவ அப்பத்தான் சொன்னா.

அப்புறம் அவன் சொன்னான். "பரஞ்சோதி பட்டைத் தொட்டுராத பூரணம். அந்த மூட்டைக்குள்ள எலி செத்துக் கெடக்கு. எங்க சமையக்காரன் ஒரு மூட்டையைப் பிரிச்சான், மறுநாளே படுத்தான், மண்ணுல வச்சுட்டோம். எங்க ஆளுகள்ல கொஞ்சப் பேருதான் மிச்சம். அது ஊருக்குள்ள வந்துச்சுன்னா, கொடைக் கூட்டத்துல, நீ யோசிச்சுப் பாரு."

"நான் யோசிக்கல. உங்களைத்தான் யோசிச்சேன்."

"போ. மண்டலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். துடுப்பை விடு."

"நீங்க விடுங்க."

"நான் தொட்ட கட்டை ஊருக்குள்ள வரக் கூடாது. நீதான் விடணும்."

அவ விட்டா. ஒவ்வொரு விரலா விட்டா. அவன் அந்தத் துடுப்பாலேயே வள்ளத்தை ஓங்கித் தள்ளிவிட்டான். இருந்த இன்னொரு துடுப்பை வச்சுக்கிட்டு, ஒரு பக்கமும் மறுபக்கமும் மாத்தி மாத்திப் போட்டு, பொழுது சாயக் கரை வந்து சேந்தா. திரும்பித் திரும்பிப் பாத்தா, அவன் துடுப்பை ஊனிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தான்.

கரையில முதலாளி. "எங்க மூட்டை?"

"அதுக்குள்ள எலி செத்துக் கெடக்கு. என் புருஷன் நல்லா இருக்காக. நீ மனுஷனா?"

முதலாளி சிரிச்சாரு. "கத்தாத. நீ திட்டுக்குப் போனது ராஜா காதுல விழுந்தா, உனக்கும் வேப்பிலைதான். புருஷன் கரையேறி வாற நேரத்துல நீ உள்ள கெடக்கணும், பாத்துக்க. வாயை மூடிக்கிட்டு இருந்தியானா அவன் வருவான், நீ சேந்து இருப்ப, எனக்கும் ஒரு தொந்தரவும் இல்ல"ன்னுட்டுப் போயிட்டாரு.

அவரு சொன்னது நியாயம் இல்ல, ஆனா பொய்யும் இல்ல. பூரணம் ராவெல்லாம் புரண்டா. அவ யாருக்கு என்ன கெடுதல் நினைச்சா? புருஷனோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்னுதானே நினைச்சா. வாயை மூடிக்கிட்டா அது நடக்கும். இன்னும் கொஞ்ச நாள்தான்.

விடிஞ்சுச்சு. சோத்துப் படகு வழக்கம்போலப் போச்சு, பானையை வச்சுட்டுத் திரும்புச்சு. பூரணம் கரையில நின்னு பாத்தா. வெறும் படகு தண்ணியில மெதந்து துள்ளிக்கிட்டுல்ல வரணும்? இது கர்ப்பிணி நடக்குற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வருது, விளிம்பு வரைக்கும் தண்ணி ஏறிக் கெடக்கு. வள்ளக்காரன் மகளுக்கு அது தெரியாதா? கரையில கொடைக்கு வந்த சனம். அவ பிள்ளையோட ஒட்டிக்கிட்டுத் திரியுற வாண்டெல்லாம் தண்ணிக்குள்ள இறங்கி, படகைப் பிடிச்சு இழுக்குறதுக்கு ஓடுதுக. அதைப் பாத்ததும் அவளுக்குப் பொறுக்கல.

சுங்கச்சாவடியில ராஜா நின்னுக்கிட்டு இருந்தாரு, தெனமும் காலையில அங்கேருந்துதான் திட்டைப் பாப்பாரு. ஓடிப்போய் அவரு கால்ல விழுந்தா. "ராஜா! படகை நிறுத்துங்க! அதுல திட்டுச் சரக்கு இருக்கு! பிள்ளைகளைக் கரையேறச் சொல்லுங்க!"

ராஜா கையைத் தட்டுனாரு. சேவகனுங்க பிள்ளைகளை வாரிக் கரையில போட்டுட்டு, நீளமான கழியை வச்சுப் படகைத் தண்ணியிலயே தடுத்து நிறுத்திட்டாக. முதலாளி பதறிப் போய், இடுப்பளவு தண்ணியில இறங்கிப் படகுக்குள்ள கையை விட்டு, மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "பழைய பாய்த்துணி ராஜா! வெறும் கிழிசல் பாய்த்துணி!"

"அப்படியா? பிரிச்சுக் காட்டும்."

"ஈரமா இருக்கு ராஜா."

"பிரியும்."

"முடிச்சு இறுகிருச்சு ராஜா."

"பிரியும்யா!"

பிரிச்சாரு. மஞ்சப் பட்டு வெயில்ல தகதகன்னு மின்னுச்சு. அதுக்கு நடுவுலேருந்து செத்த எலி ஒண்ணு வழுக்கிக்கிட்டு அவரு கையில வந்து விழுந்துச்சு. சனமெல்லாம் ஐயோன்னு பின்னால ஓடுச்சு. அவரு மட்டும் தண்ணிக்குள்ள தனியா நிக்கிறாரு.

ராஜா சொன்னாரு, "சரக்கைத் தொட்டவருக்குத் திட்டு. நீரும் உம்ம படகுக்காரனும் அப்படியே திரும்பிப் போங்க."

முதலாளிக்கு முழி பிதுங்கிருச்சு. "அப்ப அவளுக்கு? நேத்து அவளும் போனா! புருஷனைப் பாத்துட்டு வந்தா! கேளுங்க அவகிட்ட!"ன்னு கத்துனாரு.

ராஜா அவளைப் பாத்தாரு. "போனியா தாயி?"

"போனேன்."

"திட்டுல கால் வச்சியா?"

"வைக்கல."

"எதையாவது எடுத்துட்டு வந்தியா?"

"இல்ல."

"அவனைத் தொட்டியா?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். யாரு பாத்தா? ராஜா முகத்தைப் பாத்தாலே தெரியுது, இல்லைன்னு சொல்லிரு தாயின்னு கெஞ்சுற மாதிரி நிக்கிறாரு. பூரணம் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தா. ஆனா கரையில நின்ன பிள்ளைகளைப் பாத்தா, சொல்ல வரல.

"துடுப்போட ஒரு முனையை நான் பிடிச்சிருந்தேன். மறுமுனையை அவுக பிடிச்சிருந்தாக. தொட்டதா தொடாததான்னு எனக்குத் தெரியல ராஜா. எனக்குத் தொட்ட மாதிரிதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதா. "பரஞ்சோதிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்னா நாளைக்கு எவன் வேப்பிலைக்குப் பயப்படுவான்? கட்டுங்க. என் வாசல்ல கட்டுங்க."

ராஜா கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அன்னைக்கே பூரணம் வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. தாயும் பிள்ளையும் உள்ள.

முதலாளி சங்கதி என்னன்னு கேளுங்க. அவரு பட்டை அவரு கையாலேயே திட்டுல வச்சுக் கொளுத்துனாரு. அத்தோட விட்டாரா ராஜா? "இனிமே திட்டுல இறங்குறவுகளுக்குச் சோறு பொங்குற வேலை உமக்கும் படகுக்காரனுக்கும். யாரு வந்து இறங்குனாலும் அவுகளோட சேத்து உமக்கும் புதுசா ஒரு மண்டலம்"னுட்டாரு. ஒரு கப்பல் கெளம்புறதுக்குள்ள அடுத்த கப்பல் வந்துரும், முதலாளிக்கு மண்டலம் முடியவே முடியாது. கொடை மேளம் கரையில கேக்குது, ஊரே சிரிக்கிற சத்தம் கேக்குது, அவரு அங்க தாளிக்காத சோத்தைக் கிண்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. கரையைப் பாத்துப் பாத்து அவரு கண்ணும் பூத்துப் போச்சாம். பூத்துப் போகட்டும், எனக்கு ஒண்ணும் பாவமா இல்ல.

மண்டலம் முடிஞ்சுச்சு. கப்பல்காரவுகளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திக் கரைக்குக் கொண்டாந்தாக. எல்லாப் பொண்டாட்டிகளும் கரையில நின்னாக, அவுகவுக ஆளைக் கட்டிப் பிடிச்சு அழுதாக. மலைக்கொழுந்து தாடியை எடுத்துட்டு, அந்தத் துடுப்பை உப்புத் தண்ணியில ஊறவச்சு வெயில்ல காயவச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு, கூட்டத்துக்குள்ள தேடுறான், தேடுறான். யாரும் அவன்கிட்ட எதுவும் சொல்லல. வீட்டுக்கு ஓடுனான். வாசல்ல வேப்பிலை. உள்ள, அந்தக் கோடியில பூரணம் நின்னுக்கிட்டு இருந்தா.

"அங்கேயே நில்லுங்க"ன்னா.

அவன் நின்னான். திட்டுல நின்னவனுக்கு நிக்கத் தெரியாதா? தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரச மரம் இருந்துச்சு, அதுக்குக் கீழ துடுப்பைச் சாத்தி வச்சுட்டு உக்காந்தான். போகவே இல்ல. வெயிலானாலும் அங்கதான், மழையானாலும் அங்கதான். காலையில எந்திரிச்சதும், "பூரணம், தண்ணி குடிச்சியா?"ன்னு கேப்பான். "பூரணம், தூங்குனியா?"ன்னு கேப்பான். தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து, பிள்ளை எப்படிப் பொறந்துச்சு, எப்ப பல்லு முளைச்சுச்சு, எப்ப காய்ச்சல் வந்துச்சு எல்லாம் பேசித் தீத்தாக. ஆவுடை ஜன்னல்ல ஏறி நின்னு, "துடுப்புக்காரரே, துடுப்புக்காரரே, கருப்பட்டி தின்னுட்டீரா?"ன்னு கேக்கும். "இல்ல தாயி, வச்சிருக்கேன்"பான். ஒருநாள் ராஜா அந்த வழியா வந்தாரு. மரத்தடியில இருக்கிறவனைப் பாத்தாரு, வாசல் வேப்பிலையைப் பாத்தாரு, போயிட்டாரு. மறுநாள் மரத்தடியில ஓலைப் பந்தல் போட ஆளு வந்துச்சு.

ஒருநாள் காலையில அவன் பந்தலுக்குள்ள கண்ணசந்துட்டான். கெழவி ஒருத்தி வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டுப் போனதும் தெரியல, வேப்பிலையை இறக்குனதும் தெரியல. பூரணம் அவனைக் கூப்பிடல. நேரா அடுப்பங்கரைக்குப் போனா, எண்ணெய்ச் சட்டியை ஏத்துனா, எண்ணெய் காஞ்சதும் ஒரு கை நிறையக் கடுகை அள்ளிப் போட்டா. படபடபடன்னு வெடிச்சுச்சு பாரு, தெருவெல்லாம் கேட்டுச்சு. வாசம் போய் அவன் மூக்கைத் தொட்டுச்சு. முழிச்சவன் துள்ளி எந்திரிச்சு, தெருவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மூணு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்குள்ள காலை வச்சான். அடுப்புல கடுகு கருகுனதுகூட அவுக ரெண்டு பேருக்கும் தெரியல.

ஆவுடை ரெண்டு பேரையும் அண்ணாந்து பாத்துச்சு. அவன் மடியை அவுத்து, அந்தக் கருப்பட்டித் துண்டை எடுத்து, அது வாயில வச்சான். பிள்ளை சப்பிக்கிட்டே யோசிச்சுச்சு.

"அம்மா, துடுப்புக்காரருதான் அப்பாவா?"ன்னு கேட்டுச்சு. "அப்பா"ன்னு அவனையும் ஒருதடவை கூப்பிட்டுப் பாத்துச்சு. அவன் அன்னைக்குக் கரையில சொன்னதுல ஒண்ணாவது நிஜமாச்சு.

அவ்வளவுதான் கதை. ஊரைக் காப்பாத்துறதுக்கு வாசல்ல நிக்கத் தெரியணும், உள்ளயும் இருக்கத் தெரியணும், ரெண்டும் கஷ்டம்தான், ஆனா அவுக இருந்தாக. வேப்பிலையை இறக்கியாச்சு, நானும் கதையை இறக்கி வச்சாச்சு. போங்க, போய்ப் படுங்க, எவனாவது இன்னொரு கதைன்னு கேட்டீங்க, திட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்.